ஜன்னல் மாற்றமும் மின்சக்திச் சிக்கனமும்: மயூர் விஹார் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

2024ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதியன்று தில்லி மாநகரின் மின்தேவை 8,656 மெகாவாட் என்ற, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி செல்சியஸ் ஆகும். இரவிலும் தணியாத வெப்பத்தில் இலட்சக்கணக்கான வீடுகளில் குளிர்சாதனங்கள் ஓயாமல் ஓடின. இத்தகைய நாட்களில் உச்சத் தேவையின் பெரும்பங்கு குளிரூட்டலுக்கே செல்கிறது. அவ்வாறு செலவாகும் மின்சக்தி, வீட்டிற்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றுவதற்கான செலவேயன்றி வேறல்ல. எனவே அந்த வெப்பம் எவ்வழியே புகுகிறது என்பதை முதலில் ஆராய்வது முறையாகும். வீட்டின் புறச்சுவரில் மிகப் பெரிய பலவீனமான இடம் ஜன்னல். 23 சென்டிமீட்டர் கனமுள்ள, பூசப்பட்ட செங்கற்சுவர் கடத்தும் வெப்பத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கை, அதே பரப்புள்ள ஒற்றைக் கண்ணாடி கடத்திவிடுகிறது. நேர் வெயிலைக் கணக்கில் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பன்மடங்காகும்.

யமுனையின் கீழ்க்கரையில் அமைந்த மயூர் விஹார், இந்தப் பிரச்சினையைப் படிப்பதற்கு ஏற்ற இடம். டி.டி.ஏ. எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கு வீடுகளும், கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களின் கட்டடங்களும் 1980களிலிருந்து இங்கு எழுந்தன. மத்திய அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் எனப் பலதரப்பட்ட நடுத்தரக் குடும்பங்கள் இவற்றில் வாழ்கின்றன. தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக உள்ளன. அக்காலக் கட்டடங்களில் பொதுவாகப் பொருத்தப்பட்டவை மெல்லிய இரும்புச் சட்டத்தில் புட்டி வைத்துப் பதித்த 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களே. நாற்பது கோடைகளையும் நாற்பது மழைக்காலங்களையும் கண்ட அந்த இரும்பு துருப்பிடித்து, கதவுகள் சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஜன்னலை மாற்றத்தான் போகிறது. அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

விற்பனையாளர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: யு.பி.வி.சி. சட்டம், இரட்டைக் கண்ணாடி, பக்கவாட்டில் நகரும் அமைப்பு. இவ்விடையின் ஒரு பகுதி குளிர்நாடுகளில் பிறந்தது. அங்கு ஆண்டில் ஆறேழு மாதங்கள் வீட்டினுள் வெப்பமூட்ட வேண்டும்; உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் காப்பதே ஜன்னலின் முதற்கடமை. தில்லியில் நிலை வேறு. இங்கு ஜன்னலின் முதற்கடமை வெயிலை வெளியிலேயே நிறுத்துவது. இரண்டாவது, வெளிக்காற்று இதமாக இருக்கும் வேளைகளில் அகலத் திறப்பது. இவ்விரண்டிற்கும் பிறகே கண்ணாடியின் அடுக்குகளைப் பற்றி எண்ணவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செலவு மிகும், பயன் குறையும்.

மூன்று எண்கள்

ஜன்னலை மதிப்பிட மூன்று எண்கள் போதும். முதலாவது யு மதிப்பு. ஜன்னலின் இருபுறமும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை இது குறிக்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு இது 5.7 அளவில் இருக்கும். நடுவே 12 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்ட தெளிந்த இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. லோ-இ எனப்படும் குறைந்த வெப்ப உமிழ்வுப் பூச்சுடைய இரட்டைக் கண்ணாடிக்கு 1.8 அளவு. எண் குறையக் குறையத் தடுப்பு மிகும்.

இரண்டாவது, வெயில் வெப்ப ஏற்பு எண். கண்ணாடியின் மீது விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வந்து சேர்கிறது என்பதே இது. தெளிந்த ஒற்றைக் கண்ணாடியில் 0.82, அதாவது ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல். தெளிந்த இரட்டைக் கண்ணாடியிலும் இது 0.70 அளவிற்கே குறைகிறது என்பது கவனிக்கத்தக்கது. வெயில் தடுப்புப் பூச்சுடைய இரட்டைக் கண்ணாடியில் 0.28 வரை இறக்க முடியும்.

மூன்றாவது, ஒளி ஊடுருவு எண். வெப்பத்தைத் தடுக்கிறோம் என்று கூறி அறையை இருட்டாக்கிவிட்டுப் பகலில் விளக்கெரிப்பது சிக்கனமாகாது. கறுப்புச் சாயமேற்றிய மலிவான கண்ணாடிகள் பல, வெப்பத்தைத் தடுப்பதைவிட ஒளியையே மிகுதியாகத் தடுக்கின்றன. தாமே வெயிலில் சூடாகி அந்தச் சூட்டை உள்ளேயும் வீசுகின்றன. ஒளியை ஏற்று வெப்பத்தை மறுக்கும் கண்ணாடியே நல்ல கண்ணாடி.

ஒரு கணக்கு

மேற்கு நோக்கிய ஒரு படுக்கையறை ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அகலம் 1.5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், பரப்பு 1.8 சதுர மீட்டர். ஜூன் மாதத்துப் பிற்பகல். வெளியே 42 டிகிரி, உள்ளே குளிர்சாதனத்தின் உதவியால் 26 டிகிரி, வேறுபாடு 16. ஜன்னலின் மீது விழும் வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் எனக் கொள்வோம். சட்டத்தின் பங்கைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடலாம்.

தெளிந்த ஒற்றைக் கண்ணாடியில் வெயிலாக நுழைவது 1.8 × 0.82 × 500 = 738 வாட். வெப்பநிலை வேறுபாட்டினால் கடப்பது 1.8 × 5.7 × 16 = 164 வாட். ஆக 902 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை அந்த அறையில் இயக்கி வைத்ததற்கு இது ஒப்பாகும்! இந்த 902 வாட்டில் ஐந்தில் நான்கு பங்கு வெயிலாலும், ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கடத்தலாலும் வருகிறது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

இப்போது தெளிந்த இரட்டைக் கண்ணாடியைப் பொருத்துகிறோம். வெயில் 630, கடத்தல் 81, மொத்தம் 711. மிச்சம் 191 வாட். வெயில் தடுப்புப் பூச்சுடைய உயர்தர இரட்டைக் கண்ணாடியானால் வெயில் 252, கடத்தல் 52, மொத்தம் 304. மிச்சம் 598 வாட். இது பெரும் வேறுபாடுதான்.

ஆனால் பழைய ஒற்றைக் கண்ணாடியை அப்படியே விட்டு, வெளிப்புறத்தில் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால்? அது வெயிலில் நான்கில் மூன்று பங்கைத் தடுப்பதாகக் கொண்டால் வெயில் 184, கடத்தல் 164, மொத்தம் 348. மிச்சம் 554 வாட். தில்லிவாசிகள் ‘சிக்’ என அழைக்கும் எளிய தட்டி, உயர்தரக் கண்ணாடி செய்யும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் செய்துவிடுகிறது. இங்கு ‘வெளிப்புறத்தில்’ என்ற சொல்லே முக்கியமானது. அதே தட்டியையோ கனத்த திரைச்சீலையையோ உட்புறத்தில் தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட பிறகே தடைபடுகிறது; திரை சூடாகிறது, அந்தச் சூடு அறையிலேயே தங்கிவிடுகிறது.

இதை மின்கட்டணமாகவும் மாற்றிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 120 நாட்கள் இவ்வெயில் விழுவதாகவும், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் குளிர்சாதனம் அப்போது ஓடுவதாகவும் கொள்வோம். தெளிந்த இரட்டைக் கண்ணாடி ஆண்டுக்கு 38 யூனிட்டும், உயர்தரக் கண்ணாடி 120 யூனிட்டும், மூங்கில் தட்டி 111 யூனிட்டும் மிச்சப்படுத்தும். யூனிட் 7 ரூபாய் என வைத்தால் இவை முறையே 266, 840, 777 ரூபாய். தட்டியின் விலை ஓரிரு கோடைகளிலேயே திரும்பிவிடும். தெளிந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குக் கொடுத்த பணம் மின்கட்டணத்தின் வழியே மட்டும் திரும்ப வேண்டுமானால், வாங்கியவரின் பேரன் காலம் வரை காத்திருக்க நேரும். இக்கணக்கின் அனுமானங்களை அவரவர் வீட்டிற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வரிசை பெரும்பாலும் மாறாது.

திசை அறிந்து செலவிடுதல்

எல்லா ஜன்னல்களையும் ஒரே மாதிரியாக மாற்றுவது மற்றொரு பொதுவான தவறு. தில்லியின் அட்சரேகை 28.6 டிகிரி வடக்கு. ஜூன் 21 அன்று நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 85 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கிறது. டிசம்பர் 21 அன்று அது 38 டிகிரி உயரத்திற்கே எழுகிறது. தெற்கு நோக்கிய ஜன்னலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் நீண்ட ஒரு சன்ஷேடு இருந்தால், கோடை நண்பகலில் ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். குளிர்கால நண்பகலில் அதே சன்ஷேடின் நிழல் 47 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும்; 120 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜன்னலில் பாதிக்கு மேல் இதமான வெயில் உள்ளே வரும். ஜனவரியில் தில்லிக் குளிரை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இத்தகைய தெற்கு ஜன்னலில் வெயில் தடுப்புப் பூச்சைப் பொருத்தினால், வேண்டும் வேளையில் வரும் வெயிலையும் விரட்டியவர்களாவோம்.

மேற்கு ஜன்னலுக்கு இந்த உபாயம் பலிக்காது. ஜூன் மாதம் மாலை 5 மணிக்குச் சூரியன் 28 டிகிரி உயரத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. 60 சென்டிமீட்டர் சன்ஷேடு அப்போது ஜன்னலின் மேற்பகுதியில் 33 சென்டிமீட்டரை மட்டுமே மறைக்கும். கிழக்கு ஜன்னலுக்குக் காலையில் இதே கதி. எனவே இவ்விரு திசைகளிலும் செங்குத்தான தடுப்பு வேண்டும்: தட்டி, வெளிப்புறப் பலகணிக் கதவு, சுருட்டி இறக்கும் திரை அல்லது ஒரு மரம். வெளித்தடுப்பிற்கு இடமில்லாத மாடிகளில்தான் உயர்தரக் கண்ணாடி தன் விலைக்குத் தகுதி பெறுகிறது.

வடக்கு ஜன்னலுக்கு வரும் சூரிய வெப்பம் மிகக் குறைவு. மத்திய அரசின் மின்சார அமைச்சகமும் எரிசக்தித் திறன் செயலகமும் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘எகோ-நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, இந்தத் திசை வேறுபாட்டை எண்ணாகவே தருகிறது. கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் கிழக்கு முகத்திற்கான காரணி 1.155, வடக்கிற்கு 0.550. பாதிக்கும் குறைவு! வடக்கு ஜன்னலில் விலையுயர்ந்த கண்ணாடி பொருத்துவதற்குச் சத்தத்தைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது.

தமிழ்நாட்டிலிருந்து வருவோர் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. அங்கே ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வானின் வடபுறத்தில் நிற்கிறது. ஆகவே சென்னையில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு இன்றியமையாதது. ஒரே நாட்டிற்குள்ளேயே ஜன்னல் விதி ஊருக்கு ஊர் மாறுகிறது.

திறப்பின் பரப்பு

இப்போது விற்பனையாளரின் விடையில் மூன்றாவது பகுதிக்கு வருவோம்: பக்கவாட்டில் நகரும் அமைப்பு. பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், காற்றில் அடித்துக்கொள்ளாது, கம்பிவலைக்கும் கிரில்லுக்கும் இடையூறில்லை. ஆனால் இருகதவு நகர்வு ஜன்னலில் எப்போதும் பாதிப் பரப்பே திறந்திருக்கும். மூன்று தடங்களுடைய அமைப்பில் மூன்றில் இரண்டு பங்கு. கீல் வைத்துக் கதவு போல் திறக்கும் பழைய மாதிரி ஜன்னலிலோ பத்தில் ஒன்பது பங்கு திறப்பாகிறது.

மேற்சொன்ன விதித்தொகுப்பு, நாட்டின் தட்பவெப்ப மண்டலங்களுக்கேற்ப, வீட்டின் தரைப்பரப்பில் எத்தனை சதவிகிதம் திறக்கக்கூடிய பரப்பாக இருக்கவேண்டும் என வகுத்துள்ளது. தில்லி அடங்கிய கலப்பு மண்டலத்திற்கு 12.5 சதவிகிதம், சென்னை போன்ற வெப்ப ஈர மண்டலத்திற்கு 16.66 சதவிகிதம். இது வீடு முழுவதற்குமான கணக்கு. பால்கனிக் கதவுகளும் மேற்காற்றுத் திறப்புகளும் இதில் சேரும். ஒரே அறைக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது புரிதலுக்கு உதவும். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.5 சதுர மீட்டர் திறப்பு தேவை. நமது 1.8 சதுர மீட்டர் ஜன்னல், கீல் கதவுகளுடன் இருந்தால் 1.62 சதுர மீட்டர் திறக்கும்; அளவு நிறைவேறுகிறது. அதையே இருகதவு நகர்வு ஜன்னலாக மாற்றினால் திறப்பு 0.9 சதுர மீட்டராகச் சுருங்குகிறது, தரைப்பரப்பில் 7.5 சதவிகிதம். மின்சக்திச் சிக்கனத்திற்காகச் செய்த மாற்றம், மார்ச்சிலும் அக்டோபரிலும் மின்விசிறியோடு சமாளித்திருக்கக்கூடிய இரவுகளைக் குளிர்சாதனத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இந்த இழப்பு எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

தில்லிக்கே உரிய இன்னொரு தேவையும் உண்டு. மே, ஜூன் மாதங்களின் வறண்ட வெப்பத்தில் ‘கூலர்’ எனப்படும் நீர்க்குளிர்ப்பான் நன்கு பயன்படுகிறது. குளிர்சாதனத்தை விட மிகக் குறைந்த மின்சாரத்தில் அது இயங்கும். ஜூலையில் மழைக்காற்று வந்ததும் அதன் பயன் போய்விடும். கூலர் வெளிக்காற்றை இழுத்து, ஈரமாக்கி, உள்ளே தள்ளுவது. அந்தக் காற்று மறுபுறம் வெளியேற வழி இல்லாவிட்டால் அறை புழுங்கும். எனவே கூலர் வைக்கும் ஜன்னலையும் அதற்கு எதிரே திறந்திருக்கவேண்டிய ஜன்னலையும் சேர்த்தே திட்டமிடவேண்டும். புதிய ஜன்னல் பொருத்திய பின் கூலருக்கு இடமில்லை என்று கண்டு குளிர்சாதனம் வாங்கும் குடும்பத்தின் மின்தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

கீல் கதவு ஜன்னல்களிலும் சிக்கல் இல்லாமலில்லை. வெளிப்புறம் திறக்கும் கதவும் உட்புறக் கிரில்லும் இருந்தால், கொசுவலையை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. டெங்கு பரவும் ஊரில் வலையின்றித் திறப்பது இயலாது. கிரில்லை வெளியிலும், கதவை உட்புறம் திறப்பதாகவும், வலையை நடுவில் கழற்றிக் கழுவக்கூடிய தனிச் சட்டமாகவும் அமைப்பது ஒரு தீர்வு. தூசி படிந்த வலை காற்றைப் பாதிக்குமேல் தடுக்கும். கழற்ற முடியாத வலையை எவரும் கழுவுவதில்லை.

சட்டமும் பழுதுபார்த்தலும்

சட்டத்திற்குரிய பொருள்களில் அலுமினியம் வெப்பத்தை மிக எளிதில் கடத்துவது. மரமும் யு.பி.வி.சி.யும் அதனோடு ஒப்பிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே கடத்தும். அலுமினியத்தை விரும்புவோர், உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையே நைலான் போன்ற தடுப்புப் பட்டை வைத்த வகையைக் கேட்கலாம். எனினும் ஜன்னலின் பரப்பில் பெரும்பகுதி கண்ணாடியே. தில்லியின் வெயிலில் சட்டத்தைப் பற்றிய விவாதம் அதன் தகுதிக்கு மீறி நீள்கிறது என்பது என் கருத்து. யு.பி.வி.சி. வாங்குவோர் பார்க்கவேண்டியவை வேறு: உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு வலுவூட்டல் இருக்கிறதா, மூலைகள் உருக்கி இணைக்கப்பட்டனவா, வெயிலில் மஞ்சளித்து நொறுங்காத தரமா, அதற்கு எழுத்து மூலமான உத்தரவாதம் உண்டா.

மாற்றத்திற்கு முன் பழுதுபார்த்தலையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சட்டம் உறுதியாக இருந்து, கதவு மட்டும் சரியாக அமராவிட்டால், துருவைச் சுரண்டி, செந்தூர வண்ணம் பூசி, கீலைச் சரிசெய்து, புட்டியைப் புதுப்பித்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் காற்றுக் கசிவின் பெரும்பகுதி நின்றுவிடும். ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் கனமுள்ள இரட்டைக் கண்ணாடி பழைய இரும்புச் சட்டத்தில் அமராது. ஆனால் வெயில் தடுப்புப் பூச்சுடைய 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியை, சட்டம் எடையைத் தாங்குமானால், அதிலேயே பதிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் இதைச் செய்து தட்டியும் தொங்கவிடும் குடும்பம், குறைந்த செலவில் நிறைந்த பயனைப் பெறும்.

இரட்டைக் கண்ணாடிக்கு நியாயமான காரணங்களும் உள்ளன. 2018 மே மாதம் திறக்கப்பட்ட தில்லி–மீரட் விரைவுச்சாலையின் முதற்பகுதி இப்பகுதியை ஒட்டிச் செல்கிறது. நொய்டா இணைப்புச் சாலையிலும் போக்குவரத்து ஓய்வதில்லை. சாலை நோக்கிய அறையில் உறங்க முடியாதவருக்கு மின்கட்டணக் கணக்கு முக்கியமல்ல. நவம்பர் முதல் ஜனவரி வரை நச்சுப்புகை சூழும் நாட்களில் இறுக மூடும் ஜன்னல் உடல்நலத்திற்கும் பாதுகாப்பு. ஆனால் இவ்விரண்டிலும் பயன் தருவது கண்ணாடியின் எண்ணிக்கையை விட விளிம்புகளின் இறுக்கமே. ஒரு விரற்கடை இடைவெளி வழியே வரும் சத்தம், விலையுயர்ந்த கண்ணாடியை வீணாக்கிவிடும். நகர்வு ஜன்னல்களின் விளிம்பில் இருப்பது தூரிகைப் பட்டை. கீல் ஜன்னலின் விளிம்பில் இருப்பது அழுந்தும் ரப்பர். இறுக்கத்திலும் பின்னதே மேல்.

வாங்கும் முறை

குளிர்சாதனத்தில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்க மக்கள் பழகிவிட்டார்கள். ஜன்னலுக்கு அத்தகைய பழக்கம் வேரூன்றவில்லை. ஆகவே வாங்குவோரே கேட்டுப் பெறவேண்டும். ‘வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி’ என்ற சொல்லை ஏற்காமல், மேற்கூறிய மூன்று எண்களையும் விலைப்பட்டியலில் எழுதித் தருமாறு கோரவேண்டும். கண்ணாடிக்கு மட்டுமான யு மதிப்பும், சட்டம் சேர்ந்த முழு ஜன்னலின் யு மதிப்பும் வேறானவை. எது கூறப்படுகிறது எனக் கேட்கவேண்டும். இரட்டைக் கண்ணாடியின் இடைவெளியில் ஈரமுறிஞ்சும் குருணைகளும் விளிம்பில் இருமுறை அடைப்பும் இருக்கவேண்டும். அடைப்பு தளர்ந்தால் உட்புறம் பனி மூடியது போல் மங்கும், துடைக்க வழியில்லை. எத்தனை ஆண்டுகளுக்குள் மங்கினால் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். மேல்மாடிகளில் பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும், ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரக் குறிப்பு இதற்குரியது.

அடுக்கு வீட்டில் வெளிச்சுவர் தனி ஒருவருடையதன்று. சன்ஷேடு இல்லாத கதவு ஜன்னல்களுக்கு அதை முறையாகப் பொருத்துவது, டி.டி.ஏ. தன் வீடுகளில் அனுமதித்துள்ள சிறு மாற்றங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் சங்கத்தின் எழுத்து மூலமான இசைவு அவசியம். உண்மையில் இதைச் சங்கமே முன்னின்று செய்வது மேலானது. மேற்கு முகம் முழுவதற்கும் ஒரே மாதிரியான வெளித்தடுப்பு, ஒரே அளவில், மொத்தமாகச் செய்தால் விலையும் குறையும், கட்டடத்தின் தோற்றமும் கெடாது.

அதிகாரிகளின் கவனத்திற்கு ஒன்று. எகோ-நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் குடியிருப்புக் கட்டடங்களை முன்னிட்டு வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, குடியிருப்புக் கட்டடங்களைக் கட்டட விதிமுறையின் வரம்பிற்குள் கொண்டுவர வழி ஏற்பட்டது. எனினும் நாற்பதாண்டுப் பழைய வீட்டில், ஒவ்வொரு ஜன்னலாக, உள்ளூர்த் தச்சர் அல்லது கடைக்காரரின் சொற்படி நடக்கும் மாற்றத்தை எந்த வரைபட ஒப்புதலும் தொடுவதில்லை. அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு ஒப்பந்தங்களில் ‘கண்ணாடி மாற்றுதல்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாகத் திசை, திறப்புப் பரப்பு, வெயில் வெப்ப ஏற்பு எண் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால், தனியார் வீடுகளுக்கும் அதுவே முன்மாதிரியாகும்.

பொருத்தும் வேலையை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முடிப்பது நன்று; புழுதிக்காற்று தொடங்குமுன் சுவருக்கும் சட்டத்திற்கும் இடையிலான அடைப்பு உலர்ந்திருக்கும். வேலை முடிந்ததும், காற்றடிக்கும் ஒரு நாளில் ஜன்னலை மூடி, எரியும் ஊதுவத்தியை விளிம்போரமாகக் கொண்டு சென்றால், புகை அலைபாயும் இடத்தில் கசிவு இருக்கிறது என அறியலாம். அவ்விடத்தைக் காட்டிச் சரிசெய்யச் சொன்ன பிறகே மீதித் தொகையைக் கொடுக்கவேண்டும். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கலம் வைத்திருப்போர் மட்டும் அங்குள்ள காற்றுத் திறப்பை ஒருபோதும் அடைக்கக்கூடாது. காற்று போதாமல் எரியும் வாயு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. எல்லா ஜன்னல்களும் இறுக மூடும் புதிய வீட்டில் இந்த அபாயம் பழைய வீட்டை விட அதிகம். அந்தக் கலத்தைப் பால்கனிக்கு மாற்றிவிட்டே ஜன்னல் வேலையைத் தொடங்கவேண்டும்.